மாடியேறிய துளசி மாடம்

"ஏம்மா, சிமெண்ட் குழைக்கிறதெல்லாம் கொத்தனார் வேலையில்லையா?" என்று அத்தை கேட்டபோது, மொட்டை மாடியில் நான் முழங்கை வரை சாம்பல் பூசிக்கொண்டு நின்றேன்.

காரணமே அத்தைதான். ஊர் வீட்டை விற்று எங்களோடு வந்தபோது, கொல்லையிலிருந்த கல் மாடத்தைக் கொண்டுவர முடியவில்லை. பெயிண்ட் டப்பாவில் துளசி வைத்துக் கொடுத்தேன். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் தினமும் தண்ணீர் ஊற்றிவிட்டு டப்பாவைச் சுற்ற இடமில்லாமல் நின்ற இடத்திலேயே தன்னைத்தானே சுற்றிக்கொள்வதைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருக்கும். கருங்கல்லில் வாங்கலாமென்றால், அந்தக் கனத்தை இரண்டாம் மாடியில் வைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் ஒரு தோட்டப் புத்தகத்தில் 'ஹைபர்டூஃபா' பற்றிப் படித்தேன். இங்கிலாந்தில் மலைச்செடி வளர்ப்பவர்களுக்குப் பழைய கல் தொட்டிகள் மேல் ஆசை அதிகம். மாடு தண்ணீர் குடித்த தொட்டிகளைக்கூட விடாமல் தேடித் தேடி வாங்கினார்கள். அவை கிடைப்பது அரிதானதும், 1930களில் சிமெண்டோடு மணலும் மக்கிய பாசியும் கலந்து தாங்களே கல் தொட்டி செய்ய ஆரம்பித்தார்களாம். பார்க்கக் கல், தூக்க லேசு. நமக்குப் பாசிக்கு எங்கே போவது? தேங்காய் நார்த்தூள் இருக்கிறதே!

(அத்தையின் கேள்விக்கும் பதில் கிடைத்தது. 1769ல் லண்டனில் எலினார் கோட் என்ற பெண்மணி, சூளையில் சுட்ட செயற்கைக் கல்லில் தோட்டச் சிலைகளும் ஜாடிகளும் செய்து விற்றிருக்கிறார். "அவ வீட்டில கொத்தனார் கிடைக்கலையோ என்னவோ" என்றார் அத்தை.)

கணக்கு சுலபம். ஒரு மக் சிமெண்ட், ஒரு மக் மணல், இரண்டு மக் நார்த்தூள். நார்த்தூளில் உப்பு இருக்கும்; இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து, நீள நார்களைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். எல்லாவற்றையும் கலந்து தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். பிட்டு மாவை விட ஈரம், இடியாப்ப மாவை விட உதிரி. கைப்பிடியளவு எடுத்து இறுக்கினால் உருண்டை நிற்கணும், இரண்டு சொட்டுத் தண்ணீர் மட்டும் கசியணும்.

ஓரடிச் சதுர அட்டைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் தாள் விரித்து, அடியில் இரண்டு அங்குலக் கனத்துக்குக் கலவையை அமுக்கி, தண்ணீர் வடிய மூன்று குச்சிகளைச் செருகினேன். நடுவில் எண்ணெய் தடவிய டப்பாவை வைத்துச் சுற்றிலும் கலவையை இடித்து நிரப்பினேன். மறுநாள் மாலை பெட்டியைக் கிழித்தால் கல் இன்னும் இளசாக இருக்கும். கத்தியால் முன்புறம் விளக்குப் பிறை குடையலாம், கரண்டிக் காம்பால் கோலம் கீறலாம். எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கட்டம்தான்.

முதல் மாடம் மூன்றே நாளில் விரிசல் விட்டது. நல்லா காயட்டும் என்று சித்திரை வெயிலில் வைத்தது என் அசட்டுத்தனம். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. நிழலில் ஈரச் சாக்கு போர்த்தி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, மூன்று நான்கு வாரம் வைக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று. நான் வெறுங்கையால் பிசைவதைப் பார்த்து என் மூன்று வயது மகளும் வாளியில் கை விட்டு அளைந்திருக்கிறாள். மாவுதானே என்ற நினைப்பில் பாவாடையில் துடைத்துவிட்டு விட்டுவிட்டேன். ராத்திரி விரலிடுக்கெல்லாம் சிவந்து, எரிகிறது என்று ஒரே அழுகை. ஈரச் சிமெண்ட் கடுங்காரம். பட்டவுடன் தெரியாது, மணிக்கணக்கில் கழித்துத்தான் சுடும். உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷமாவது கழுவியிருக்க வேண்டும் என்று டாக்டர் என்னைக் கடிந்துகொண்டார். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். விரல்கள் ஆறப் பத்து நாளாயிற்று. அதற்குப் பிறகு ரப்பர் கையுறை இல்லாமல், தூசிக்கு மூக்கைக் கட்டாமல், குழந்தை தூங்காமல் சிமெண்ட் மூட்டையைத் தொடுவதில்லை.

இரண்டாவது மாடம் நன்றாக வந்தது. அவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து பால்கனியில் வைத்தோம். அத்தை நல்ல நாள் பார்த்துத் துளசி நட்டார். இரண்டு வாரத்தில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. அத்தை பேசவில்லை. துளசி பட்டுப்போனால் வீட்டுக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டு மாமி மட்டும் வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குழந்தைக்குச் சளி பிடித்தாலும் மாடத்தைத்தான் பார்த்தேன்.

தெய்வக் குற்றமில்லை, சுண்ணாம்புக் குற்றம். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து மண்ணில் காரமேறினால், செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. செடியைப் பிடுங்கிப் பழைய டப்பாவுக்கே மாற்றி, மாடத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நாளைக்கொரு தரம் தண்ணீர் மாற்றினேன். மூன்று வாரம். நட்ட துளசி பிழைக்கவில்லைதான். ஊரிலிருந்து முடிந்து வந்த கதிரை உதிர்த்து அத்தை விதை போட்டார். இப்போது என் இடுப்பு உயரம்.

பாசி படர மோர் பூசச் சொல்வார்கள். நானும் பூசினேன். எறும்புதான் வந்தது.

போன வாரம் அத்தை அலசிய நார்த்தூளைப் பிழிந்துகொண்டே, "காக்காய்க்குச் சோறு வைக்க அகலமா ஒரு தட்டு பண்ணிக் கொடேன்" என்றார். "மூணு வாரம் ஊறப்போட்டுக் கொடு. அதுக்கு வயித்த வலிக்கக் கூடாது."