கனவினுள் விழித்தல்

என் வாப்பா மவுத்தானபோது நான் துபாயில் இருந்தேன். 1998ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம். செய்தி இரவு வந்தது. முதலாளியின் இரும்புப் பெட்டியிலிருந்து என் கடவுச்சீட்டு கைக்கு வர மறுநாள் நண்பகல் ஆயிற்று. ஜனாஸாவைக் காத்து வைத்திருப்பது முறையன்று என ஊர்ப் பெரியவர்கள் கருதினார்கள், அது சரியே. நான் வந்து சேர்ந்தபோது கபுறின் மேல் மண் ஈரமாக இருந்தது.

அன்று தொடங்கியது அந்தக் கனவு. பள்ளிவாசல் முற்றத்தில் சந்தூக்கு இருக்கும். தெருமுனையிலிருந்து நான் ஓடி வருவேன். கால்கள் மணலில் புதையும். நான் எட்டுவதற்குள் அதைத் தூக்கிப் போய்விடுவார்கள். மாதம் இரண்டு மூன்று முறை இதே காட்சி. உம்மாவிடம் சொன்னபோது, "இடப்பக்கம் மூன்று முறை மெல்ல உமிழ்ந்து, அவூது ஓதிப் புரண்டு படு மகனே, யாரிடமும் சொல்லாதே" என்றார்கள். அவ்வாறே செய்தேன். நெஞ்சு அடங்கும், உறக்கமும் வரும். ஆனால் கனவு மீண்டும் வந்தது.

பத்தாண்டுகள் சென்றபின், பழைய நூல்கள் விற்கும் கடையொன்றில் ஸ்டீவன் லபெர்ஜ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1985இல் எழுதிய நூல் கிடைத்தது. கனவு காணும்போதே 'இது கனவு' என்று அறிந்திருக்கும் நிலையைப் பற்றியது அது. தெளிவுக் கனவு என்று அதனைச் சொல்லலாம். 1913இல் வான் ஏடன் என்ற டச்சு மருத்துவர் இட்ட பெயரின் பொருளும் ஏறக்குறைய அதுவே.

உறங்குகிறவன் அறிவோடிருக்கிறான் என்பதை எங்ஙனம் மெய்ப்பிப்பது? கனவு மிகுந்த உறக்கத்தில் உடலின் தசைகள் கட்டுண்டு கிடக்கும். கண்கள் மட்டும் இமைக்குள் அசையும். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் 1975இல் கீத் ஹெர்ன் அந்தக் கண்களையே தூதாக்கினார். கனவென்று உணர்ந்ததும் கண்களை இடமும் வலமுமாக இத்தனை முறை அசைப்பதென ஆலன் வொர்ஸ்லி என்பவரோடு முன்கூட்டியே பேசிக்கொண்டார். வொர்ஸ்லி உறங்கினார், கருவியின் தாளில் அந்த அசைவுகள் பதிந்தன. லபெர்ஜும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தனியே இதையே நிலைநாட்டினார். 2021இல் வெளியான ஆய்வொன்றில், உறங்கிக்கொண்டிருந்தவரிடம் எட்டிலிருந்து ஆறு போனால் மீதி எவ்வளவு எனக் கேட்க, அவர் கனவினுள்ளிருந்தே கண்களை இருமுறை அசைத்து விடை சொல்லியிருக்கிறார்!

நம்மவர்க்கு இது முற்றிலும் புதிதன்று. இப்னு கல்தூன் தம் முகத்திமாவில், உறங்குமுன் மனத்தை ஒருமுகப்படுத்திச் சில சொற்களைச் சொல்லி, தாம் அறிய விரும்பியதைக் கனவில் கண்டதாக எழுதியிருக்கிறார். உடனேயே ஓர் எச்சரிக்கையும் தருகிறார்: இதனால் கனவை நாமே உண்டாக்கிவிட்டோம் என்று ஆகாது, உள்ளம் அதற்கு ஆயத்தமாகிறது, அவ்வளவே. லபெர்ஜின் முறையைப் பயிலப் பயில, இந்த எச்சரிக்கையின் அருமை எனக்கு விளங்கிற்று.

முறை எளிது, பொறுமைதான் அரிது. தலைமாட்டில் குறிப்பேடு வைத்துக்கொண்டு, கண் திறந்ததும் அசையாமல் கிடந்து கனவை நினைவு கூர்ந்து எழுத வேண்டும். முதல் வாரம் எனக்கு ஒரு வரிகூட அகப்படவில்லை. பிறகு பக்கங்கள் நிரம்பின. பகலில் அவ்வப்போது 'இது கனவா?' என்று மெய்யாகவே ஐயுற்றுச் சோதிக்க வேண்டும். எழுத்தொன்றைப் படித்து, பார்வையை விலக்கி, மீண்டும் படிக்க வேண்டும். கனவில் எழுத்து பெரும்பாலும் மாறிவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சிழுத்துப் பார்ப்பதும் உண்டு. பேருந்தில் நான் இதைச் செய்ய, பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறிடம் போய்விட்டார்.

பகலில் ஊறிய பழக்கம் இரவிலும் தொடரும் என்பதே இதன் தத்துவம். இவற்றினும் வலியது ஒன்றுண்டு. ஐந்து மணி நேரம் உறங்கி எழுந்து, சற்று விழித்திருந்து, 'அடுத்துக் காண்பது கனவென்று அறிவேன்' எனும் உறுதியோடு மீண்டும் படுப்பது. கனவு உறக்கம் விடியலை நெருங்க நெருங்க நீள்வதால் இது பலிக்கிறது. ஸஹர் உண்டு, ஸுப்ஹு தொழுதுவிட்டுச் சாய்பவர்க்குக் கனவுகள் மொய்ப்பது இதனால்தான் போலும்.

இதற்காக நாள்தோறும் உறக்கத்தைக் கெடுத்துக்கொள்வது மடமை. மனக்கலக்கம் உடையோர் இதன் பக்கம் போகாதிருப்பதே நலம். சிலருக்கு உடல் கட்டவிழுமுன் அறிவு விழித்து, நெஞ்சில் யாரோ ஏறி அமர்ந்தாற் போலிருக்கும். நாம் 'அமுக்குவான்' என்று அஞ்சுவது அதனைத்தான். சிறிது நேரத்தில் அது தானே விலகும்.

மூன்று மாதம் கழித்து முதல் தெளிவு வந்தது. மகிழ்ச்சி மிகுந்ததில் அக்கணமே விழித்துவிட்டேன். கனவு கலையத் தொடங்கினால் கனவிலேயே உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்ள வேண்டுமென்பதைப் பிறகுதான் கற்றேன்.

2009 ரமளானில், வேலையை விட்டு ஊர் திரும்பியிருந்த காலம், அந்தக் கனவு வந்தது. ஓடிவருகிறேன், கால் புதைகிறது. பள்ளிவாசலின் தொழுகை நேரப் பலகையைப் பார்க்கிறேன். மீண்டும் பார்த்தால் எழுத்துகள் வேறாயிருக்கின்றன. இது கனவு! கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். மணல் தரையாயிற்று. சந்தூக்கு அங்கேயே இருந்தது, யாரும் தூக்கவில்லை.

அருகில் போனேன். வாப்பாவின் முகம். கண் திறந்து, "வந்துட்டியா?" என்றார்கள்.

மாப்புக் கேட்பதற்காகத்தான் ஓராண்டாகப் பயின்றிருந்தேன். ஆனால் கனவென்று அறிந்த அந்த அறிவே என் நாவைக் கட்டிவிட்டது. இது வாப்பா அல்ல. என் நினைவு வாப்பாவின் முகத்தைப் பூண்டு வந்திருக்கிறது. மன்னித்தேன் என்று அது சொன்னாலும், அது நான் எனக்கே எழுதி, வாப்பாவின் கையெழுத்தை இட்டுக்கொண்ட கடிதமாகும். கேட்கவில்லை. குனிந்து, முன்பக்கத்துக் காலைத் தோளில் ஏற்றினேன். மற்ற மூன்று பக்கமும் யார் தூக்கினார்களோ, திரும்பிப் பார்க்கவில்லை. சில அடிகள் நடந்திருப்பேன்; பாரம் அழுத்தியது. விழித்துக்கொண்டேன்.

அதன்பின் அக்கனவு இருமுறையே வந்தது. இருமுறையும் நான் ஓடவில்லை.

உம்மாவிடம் இதை மட்டும் மறைக்க மனம் வரவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "முகம் எப்படி இருந்தது?" என்றார்கள். நோய்க்கு முந்தைய முகம் என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தார்கள். அன்று மாலை கடைக்குப் புறப்பட்ட என்னைக் கூப்பிட்டு, கோடு போடாத குறிப்பேடு ஒன்று வாங்கி வரச் சொன்னார்கள். உம்மாவுக்கு அறபுத்தமிழ் மட்டுமே எழுத வரும். வலமிருந்து இடமாக எழுதக் கோடு இடைஞ்சலாம்.