கட்டியங்காரன் கடமை

ஊர் சிரித்தது. ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஒருவனுடைய முகம் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

திருவண்ணாமலைக் குன்று கண்ணுக்குத் தெரியும் தொலைவிலே உள்ள சிற்றூர் அது. நாம் அப்போது பள்ளிச் சிறுவர். திரௌபதை அம்மன் கோயில் திடலிலே பாரதக் கூத்து. இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்குகள். மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், கைத்தாளம். இருவர் பிடித்து நிற்கும் வெள்ளைத் திரை. திரைக்குப் பின்னே துரியோதனன் தொடை தட்டிக் கொண்டிருந்தான். திரைக்கு முன்னே கட்டியங்காரன் ஆடிக் கொண்டிருந்தான். எமக்குத் துரியோதனனிடம் அச்சம், கட்டியங்காரனிடம் காதல்! அவன் வாய் திறந்தால் போதும், தூங்குகிற குழந்தையும் விழித்துக்கொள்ளும்.

திடலிலே ஊரார் அமர்ந்திருந்தனர். திடலுக்கு அப்பால், புளியமரத்து இருட்டிலே, சேரி மக்கள் நின்றிருந்தனர். நின்றிருந்தனர் என்றோம், நிறுத்தப்பட்டிருந்தனர் என்பதே மெய். அவர்களிடையே நம் வகுப்புத் தோழன் ஒருவன். பகலெல்லாம் ஒரே பலகையில் அமர்ந்து ஒரே பாடம் படித்தவன், இரவிலே ஒரே கூத்தைக் காண இருட்டில் நின்றான்.

நள்ளிரவு கடந்திருக்கும். கூட்டம் கண்ணயரும் வேளை. தூக்கத்தை விரட்ட வேண்டுமே! கட்டியங்காரன் சேரிக்காரர் பேசுவதுபோலப் பேசிக் காட்டினான். முதுகை வளைத்தான், கையைக் கட்டினான், வாயைப் பொத்தினான், "சாமி, சாமி" என்று குழறினான். திடல் குலுங்கிற்று. நாமும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்தபடியே, தோழனும் சிரிக்கிறானா என்று திரும்பிப் பார்த்தோம். விளக்கொளி ஓரமாய் அவன் முகத்தில் விழுந்திருந்தது. அவன் கூத்தைப் பார்க்கவில்லை. தன் தந்தையின் முகத்தைப் பார்த்துக் கொண்டிருந்தான். தந்தையோ தரையைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

மறுநாள் பள்ளியிலே அவன் நம்மை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல நம்மிடம் மறுமொழியும் இருந்ததில்லை.

கட்டியங்காரன் எளிய ஆள் அல்லன், தோழர்களே! தெருக்கூத்திலே அவனுக்குள்ள உரிமை அரச வேடத்துக்கும் இல்லை. கட்டியம் கூறி அரசனை அவைக்கு அழைப்பவன் அவன். அழைத்த மறுகணமே, "நீர் யார், எந்த ஊர், வந்த வேலை என்ன?" என்று முடிதரித்தவனையே நிறுத்திக் கேள்வி கேட்பவனும் அவன். அத்தினாபுரத்துக் கதையை நடுவழியில் நிறுத்திவிட்டு அரிசி விலையைப் பேசலாம். வறண்டுபோன ஏரியைப் பேசலாம். கூத்துக்குப் பணம் கொடுத்த பெரியதனக்காரரையே குத்திக் காட்டலாம். எவரும் சினங்கொள்ளக் கூடாது என்பது மரபு. கோமாளி பேசியதற்குக் குற்றம் இல்லை! இத்தகைய உரிமையை நம் நாட்டுச் சிற்றூர், புலவனுக்கும் கொடுத்ததில்லை, பூசாரிக்கும் கொடுத்ததில்லை. அன்றிரவு அந்த உரிமையைக் கையில் வைத்திருந்தவன், எதிரே அமர்ந்திருந்த பண்ணையாரை விட்டுவிட்டு, இருட்டில் நின்ற ஏழையைத் தேடிப்பிடித்து அடித்தான். வாள் இருந்தது, வீரம் இல்லை.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறும்போது நகையைத்தான் முதலில் வைத்தார். நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்றார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நான்கிலும் முதலாவது எள்ளல். எள்ளல் ஓர் அம்பு. அம்பைப் பழிப்பார் இல்லை. அது எவர்மீது பாய்கிறது என்பதைத்தான் உலகம் கேட்கும். மக்களைச் சிரிக்க வைப்போரின் பொறுப்பு என்ன என்று எவரேனும் நம்மைக் கேட்டால், நாம் சொல்வது இதுதான்: கேலி மேல்நோக்கிப் பாய வேண்டும், பாய்ந்ததற்கு விலை வந்தால், பேசியவன் அந்த விலையைத் தானே கொடுக்க வேண்டும்.

எட்டாத கற்பனையன்று இது. செய்து காட்டியவர் நம்மிடையே வாழ்ந்தார்.

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியிலே 1908-ல் பிறந்தார் என்.எஸ்.கிருட்டிணன். வில்லுப்பாட்டிலே வளர்ந்து, நாடகத்திலே நடந்து, திரையிலே உயர்ந்தவர். கலைவாணர் என்று நாடு அவரை அழைத்தது. 1949-ல் அண்ணா எழுதிய 'நல்லதம்பி' படத்திலே அவர் நிகழ்த்திய 'கிந்தனார்' காலட்சேபத்தை எண்ணிப் பாருங்கள். நந்தனார் கதையை அறியாதார் இல்லை. கோயிலுக்குள் நுழைய ஏங்கியவன், தீக்குளித்த பிறகே உள்ளே விடப்பட்டான் என்பது அக்கதை. கலைவாணர் அதே காலட்சேப முறையை எடுத்தார். அதே பாவனையை எடுத்தார். கதையை மட்டும் திருப்பினார். நந்தன் கிந்தன் ஆனான். அவன் ஏங்கியது கோயிலுக்கன்று, கல்விக்கு! தீயிலே இறங்கவில்லை அவன், இரயிலிலே ஏறினான்! பட்டணம் போனான், படித்தான், உயர்ந்தான். மக்கள் சிரித்தனர். எவரைக் கண்டு சிரித்தனர்? கிந்தனைக் கண்டா? இல்லை. அவனைப் படிக்கவிடாமல் தடுத்தாரே, அவரைக் கண்டு! சேரியிலிருந்து வந்து அப்படம் பார்த்த சிறுவன் ஒருவன் நிமிர்ந்து நின்று சிரித்திருக்க முடியும். புளியமரத்து இருட்டிலே நின்ற நம் தோழனுக்குக் கிட்டாத சிரிப்பு அது.

1957-ல் காஞ்சிபுரத்திலே அண்ணா சட்டமன்றத் தேர்தலுக்கு நின்றார். எதிர்த்து நின்றவர் ஊரறிந்த மருத்துவர். கலைவாணர் அங்கே பேசிய பேச்சை இன்றும் மேடைதோறும் சொல்லக் கேட்கலாம். பேச்சு முழுவதும் மருத்துவரையே புகழ்ந்தாராம். கைராசிக்காரர் என்றாராம், நல்லவர் என்றாராம். கூட்டம் திகைத்தது. முடிவிலே, இத்துணை நல்ல மருத்துவரைச் சென்னைக்கு அனுப்பிவிட்டால் உங்களுக்கு நோய் வந்தால் பார்ப்பது யார், அவரை இங்கேயே வைத்துக்கொண்டு அண்ணாவைச் சட்டமன்றத்துக்கு அனுப்புங்கள் என்று முடித்தாராம். எதிரியின் மானத்திலே ஒரு கீறல் இல்லை. கருத்தோ நேரே போய்த் தைத்தது. அண்ணா வென்றார். அவ்வாண்டு ஆகத்து 30-ல் கலைவாணர் மறைந்தார், நாற்பத்தெட்டு வயதிலே.

நடிகவேள் எம்.ஆர்.இராதாவின் வழி வேறு. கலைவாணர் சிரிப்பிலே தேன் தடவினார்; இராதா மிளகாய் தடவினார். நாடகத்துக்குத் தடை வந்தால் தலைப்பை மாற்றிக்கொண்டு மறுபடி மேடை ஏறினார். நாடகங்களை அதிகாரிகள் முன்கூட்டியே படித்துப் பார்த்து ஒப்புதல் தரவேண்டும் என்று 1954-ல் சென்னை அரசு சட்டம் செய்தது. அந்தச் சட்டத்துக்குப் பின்னணியில் நின்ற பெயர்களில் முதன்மையானது இராதாவின் பெயர். ஒரு கூத்தாடியின் நாக்குக்கு அஞ்சி ஓர் அரசு சட்டம் செய்தது என்றால், அந்த நாக்கின் வலிமை என்னே! எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கிலே, அச்சட்டத்தின் முதன்மையான பிரிவுகள் செல்லா என்று 2013-ல்தான் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் அந்த அச்சம் ஏட்டிலே உயிரோடிருந்தது.

எனினும், போற்றுகிறவரையும் ஆராய்ந்தே போற்றுவது பகுத்தறிவு. 1954-ல் வந்த 'இரத்தக்கண்ணீர்' படத்தில், ஒழுக்கம் கெட்ட செல்வனுக்குத் தொழுநோய் வருகிறது. இராதாவின் நையாண்டி பணக்காரரின் பகட்டைச் சுட்டது, உண்மை. ஆனால் தொழுநோய் பாவத்தின் கூலியா? அது கிருமியால் வருவது என்று நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873-லேயே கண்டறிந்துவிட்டார். அண்ணாமலையார் கோயில் வாசலிலே கை நீட்டி அமர்ந்திருந்த நோயாளிகளைக் கண்டு, செய்த வினையின் பயன் என்று முகம் திருப்பிச் சென்றவர் எத்தனை பேர்! வினைப்பயனை மேடையிலே கிழித்த நாமே, கதையின் சுவைக்காக அதைப் பின்கதவு வழியே உள்ளே விட்டுவிட்டோமே! இதைச் சொல்வதால் நடிகவேள் சிறுத்துவிட மாட்டார். சொல்லாது விட்டால் நாம்தான் சிறுத்துப்போவோம்.

சார்லி சாப்ளின் 1940-ல் 'மாபெரும் சர்வாதிகாரி' படத்தில் இட்லரை உலகறியக் கேலி செய்தார். மேல்நோக்கிப் பாய்ந்த கேலிக்கு அதைவிடச் சான்று வேண்டுமா? அவரே பின்னாளில் தம் வரலாற்றை எழுதியபோது, வதைமுகாம்களின் கொடுமை முழுவதும் அன்றே தெரிந்திருந்தால் அப்படத்தை எடுத்திருக்க முடியாது என்றார். சிரிக்க வைத்தவன், தான் சிரிக்க வைத்ததைப் பற்றிப் பின்னும் சிந்தித்துக் கொண்டிருந்தான். இதுவன்றோ பொறுப்பு!

நம் காலத்திலே விவேக்கைச் சின்னக் கலைவாணர் என்றனர். மூடநம்பிக்கைகளை முழுநீள வசனங்களால் குத்தியவர். படத்தோடு நிற்கவில்லை. அப்துல் கலாமின் ஊக்கத்தால் ஒரு கோடி மரம் நட வேண்டும் என்று புறப்பட்டு, 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட கன்றுகளை நடச் செய்தார். 2021 ஏப்பிரல் 15-ல், அரசு மருத்துவமனைக்குச் சென்று கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு, அஞ்சாமல் போட்டுக்கொள்ளுங்கள் என்று மக்களிடம் சொன்னார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் நாள் மறைந்தார். ஊசிதான் கொன்றது என்று வதந்தி பறந்தது. வல்லுநர் குழு ஆராய்ந்து, ஊசிக்கும் இறப்புக்கும் தொடர்பில்லை என்று பின்னர் அறிவித்தது. வாழ்நாளெல்லாம் மூடநம்பிக்கையைச் சாடியவரின் சாவையே மூடநம்பிக்கை பற்றிக்கொள்ளப் பார்த்தது. எத்துணை கொடிய எள்ளல்!

இனி, இதை எழுத நம்மைத் தூண்டிய செய்திக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், திருவண்ணாமலையை அடுத்த ஊர் ஒன்றிலே நம் இளந்தோழர்கள் தெருமுனை நாடகம் போட்டனர். மூடநம்பிக்கை ஒழிப்பு நாடகம். துடிப்பான பிள்ளைகள், அறிவுள்ள பிள்ளைகள். ஒருவர் கிழவி வேடமிட்டு, மலையைச் சுற்றும் பதினான்கு கிலோமீட்டரும் நொண்டி நொண்டி நடந்து, வாய் கோணி, சாமியாடிக் காட்டினார். கூட்டம் சிரித்தது. நாமும் சிரிக்க வாயெடுத்தோம். அப்போது ஓரத்தில் ஒரு மூதாட்டி, பூக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்து நின்றார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இருட்டிலே கண்ட அதே முகம்! சிரிப்பு நம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

நாடகம் முடிந்ததும் அந்த அம்மையாரிடம் பேசினோம். மகனுக்குச் சிறுநீரகக் கோளாறாம். மருத்துவமனைக்கும் அழைத்துப் போகிறார். முழுநிலவு தோறும் மலையையும் சுற்றுகிறார். "எனக்கு வேற யாரு இருக்காங்க, ஐயா?" என்றார். அவர் கால் நொண்டுவதைக் காட்டிச் சிரிப்பது பகுத்தறிவா? அவரை அந்த நிலையிலே விட்டுவைத்தவர்கள் சிரிக்கப்படாமல் தப்பிவிட்டார்களே!

அன்றிரவு தேநீர்க் கடையிலே தோழர்களோடு விடிய விடிய வாதம். "ஐயா, உண்மையைச் சொன்னால் புண்படத்தானே செய்யும்?" என்றார் ஒருவர். "புண்படட்டும், தம்பி. எவருக்குப் புண்பட வேண்டும் என்பதைத்தான் நாம் கேட்கிறோம்," என்றோம். கூத்துத் திடலின் கதையைச் சொன்னோம். நாமும் சிரித்தோம் என்பதையும் மறைக்காமல் சொன்னோம். நெடுநேரம் எவரும் பேசவில்லை.

அடுத்த ஊரிலே நாடகம் மாறியிருந்தது. கிழவி வேடம் இருந்தது, நொண்டல் இல்லை. புதிதாக ஒரு தாயத்து வணிகர் வந்திருந்தார். எல்லா நோய்க்கும் கயிறு விற்றவருக்குத் திடீரென்று வயிற்று வலி. விற்ற கயிற்றைக் கிழவி அவருக்கே கட்ட வருகிறார், வணிகரோ, "கயிறு வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடு!" என்று அலறுகிறார். கூட்டத்திலே கயிறு கட்டிய கைகளும் சேர்ந்து தட்டின. நெற்றி நிறையத் திருநீறு பூசிய பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தனர். சிரித்த பிறகு ஒரு பெண் தம் கையிலிருந்த கயிற்றை ஒரு கணம் பார்த்துக்கொண்டார். அந்த ஒரு கணம் போதும், தோழர்களே! நமது பேச்சாளர் மூன்று மணி நேரம் முழங்கினாலும் பெற முடியாத கணம் அது.

பழைய புளியமரத்து இருட்டு இன்று எங்கே இருக்கிறது என்று கேட்பீராயின், இதே மாவட்டத்துத் தென்முடியனூரைப் பாருங்கள். பல பத்தாண்டுகளாகக் கோயிலுக்குள் விடப்படாத பட்டியலின மக்கள், 2023 சனவரி 30-ல்தான், ஆட்சியரும் காவலரும் உடன்வர உள்ளே நுழைந்தனர். ஒரு வாசலைத் தாண்டக் காவல்துறை வேண்டியிருக்கும் நாட்டிலே, கேலி செய்வதற்குப் பெரிய இடத்துப் பொருளா கிடைக்கவில்லை? கறுத்த நிறத்தையும், பருத்த உடலையும், திக்கும் நாவையும், திருநங்கையின் நடையையும் காட்டிக் காசு பார்க்கும் திரையும் கைப்பேசியும் எளிய இடத்தையே தேடி அடிக்கின்றன. நம் மேடையிலும் அந்நோய் இல்லையென்று மார்தட்ட நம்மால் இயலாது. எதிரியின் கொள்கைக்கு விடை கிடைக்காதபோது, அவர் வீட்டுப் பெண்ணைப் பேசிக் கைதட்டல் வாங்கிய பேச்சாளரை நாமும் கண்டிருக்கிறோம், நாமும் கைதட்டியிருக்கிறோம்.

இளைஞர்களே! கேலி பேசுங்கள்; இன்னும் கூர்மையாகப் பேசுங்கள். பேசுமுன் கூட்டத்தின் ஓரத்தை ஒருமுறை பாருங்கள். உங்கள் சொல் கேட்டு முன்வரிசை முகம் சுளிக்கட்டும். இருட்டிலே நிற்பவன் தலை நிமிர்ந்து சிரிக்கட்டும்.

அந்தப் பள்ளித் தோழனை நாம் பிறகு கண்டதில்லை. அன்று அவன் கேட்காத கேள்விக்கு நாம் எழுதிய மறுமொழி இது. மிகக் காலந்தாழ்ந்த மறுமொழிதான். எங்கேனும் இருந்து அவன் இதைப் படிப்பானாயின், அன்று சிரித்ததற்காக நாம் வெட்கப்படுகிறோம் என்பதை அறியட்டும்.