பம்பரம் ஹீரோவான கதை

கார்ட்டூன் ஹிட்டானா அப்புறம் அதோட பொம்மை கடைக்கு வரும். இதுதானே வழக்கம்? ஆனா, 'பேபிளேட்' விஷயத்துல நடந்தது அப்படியே தலைகீழ்!

ஜப்பானின் டகாரா பொம்மைக் கம்பெனி 1999-ல் பேபிளேட் பம்பரத்தை விற்பனைக்கு விட்டது. அதே வருஷம் 'கோரோகோரோ' சிறுவர் இதழில் தகாவோ அவோகி அதை வைத்து காமிக்ஸ் போட ஆரம்பித்தார். டி.வி. தொடர் வந்ததோ 2001 ஜனவரியில்தான். அமெரிக்காவிலும் இதே ஃபார்முலாதான். 'ஹீ-மேன்' பொம்மை 1982-ல் வந்தது, கார்ட்டூன் 1983-ல்.

இன்னொரு சுவாரஸ்யம், பேபிளேடுக்கும் ஒரு தாத்தா உண்டு. பேரு 'பேகோமா'. ஜப்பான் தெருப்பசங்க விளையாடின குட்டி இரும்புப் பம்பரம். வாளி மேல இழுத்துக் கட்டின துணிதான் மைதானம். கயிறு சுத்தி விட்டு மோதவிடுவாங்க. வெளியே விழுந்தா அவுட்டு. ஜெயிக்கணும்னு அரத்தால ராவி ராவி ஷேப் மாத்துவாங்களாம்.

டகாரா என்ன செஞ்சது? துணியை பிளாஸ்டிக் அரங்கமாக்கியது. கயிறுக்குப் பதில் பல் வச்ச பட்டை. ராவுற வேலைக்குப் பதில், கழட்டி மாட்டுற பாகங்கள். ஒரு பாகம் மாத்தணும்னா இன்னொண்ணு வாங்கணும்ல... அதுதான் வியாபாரம்! கடைசியா ஒவ்வொரு பம்பரத்துக்குள்ளயும் ஒரு தெய்வ மிருகத்தைக் குடிவைத்தார்கள். ஹீரோ டைசனோட பம்பரத்தில் டிராகன், மத்த மூணு பேருக்கும் தீப்பறவை, புலி, ஆமை. நாலுமே சீன, ஜப்பானியப் புராணங்களில் திசைக்கு ஒண்ணா நிக்கிற காவல் மிருகங்கள்.

இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டப்ப எனக்கு எங்க தாத்தா ஞாபகம்தான் வந்தது. நத்தத்தில் அவர் கடைசல் பட்டறை வச்சிருந்தார். கட்டையைக் கடைஞ்சு, ஆணி இறக்கி, கலர் அடிச்சு, மாசித் திருவிழாவுக்குச் சாக்கு சாக்கா பம்பரம் கொண்டுபோவார். என் தம்பி முதல் பேபிளேட் வாங்கிட்டு வந்தப்ப கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இதுல ஆணி எங்கடா?"ன்னு மட்டும் கேட்டார். அடுத்தடுத்த திருவிழாக்களில் சாக்குகள் குறைஞ்சுகிட்டே வந்தது. இப்ப தாத்தாவும் இல்லை, பட்டறையும் இல்லை.

பிளாஸ்டிக்கிட்ட அவரோட கட்டை தோத்துடுச்சுன்னு நான் நம்பலை. உழைப்பிலும் சுழற்சியிலும் அது கில்லி. அதுக்கு இல்லாமப் போனது ஒரு கதை. டைசன் மாதிரி ஒரு பையன் அதைக் கையில எடுத்துக்கிட்டு டி.வி.யில வரலை, அவ்வளவுதான்.

விஸ்காம், அனிமேஷன் படிக்கிற ஃப்ரெண்ட்ஸ்... தரையில ஒரு வட்டம். அபீட் எடுக்கிறதுல லேட்டானவன் பம்பரம் நடுவுல. சுத்தி நாலு பேர், ஆக்கர் வைக்க ஆணியோடு ரெடி. உள்ளே மாட்டினது தாத்தா கையால கடைஞ்சு கொடுத்த பம்பரம்.

முதல் எபிசோடு கிடைச்சாச்சு. யார் எழுதப் போறீங்க?