'இருக்கிறதாம்': சான் ஆண்ட்ரியாஸ் காட்டில் ஒரு தேடல்

காட்டில் ஒரு விலங்கு 'இருக்கிறது' என்று சொல்பவர் தம் கூற்றுக்குத் தாமே பொறுப்பேற்கிறார். 'இருக்கிறதாம்' என்பவரோ செய்தியைக் கைமாற்றி விடுகிறார். பொறுப்பு அவருக்கு முன்பு சொன்னவரைச் சேர்கிறது. அந்த முன்பு சொன்னவர் யார் என்பதை 'ஆம்' என்னும் ஒட்டு வெளிப்படுத்துவதில்லை. ஆங்கிலத்தில் இப்படியோர் ஒட்டு கிடையாது. ஆயினும் 2004 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு வெளிவந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' என்னும் விளையாட்டைச் சுற்றி ஆங்கிலத்தில் எழுந்த ஒரு வதந்தி, பல ஆண்டுகள் 'இருக்கிறதாம்' என்ற நிலையிலேயே வாழ்ந்தது.

அவ்விளையாட்டு கலிஃபோர்னியா, நெவாடா ஆகியவற்றின் சாயலில் அமைந்த ஒரு கற்பனை மாநிலத்தை முழுவதும் சுற்றித் திரியத் திறந்துவிட்டது. மூன்று பெருநகரங்களுக்கு இடையே பாலைநிலமும் மலையும் அடர்ந்த காடும் உண்டு. சிலியாட் மலையின் அடிவாரத்திலும், 'பேக் ஓ பியாண்ட்' என்று வரைபடம் குறிக்கும் காட்டிலும் பிக்ஃபுட் உலவுகிறதாம் என்ற பேச்சு இணையமெங்கும் பரவியது. மனிதனைப் போல் இரு காலால் நடக்கும், உடலெங்கும் மயிரடர்ந்த அந்தப் பேருருவத்திற்கு உண்மையான கலிஃபோர்னியாவிலேயே ஒரு வரலாறு இருந்தது. 1958இல் அம்மாநிலத்தின் வடபகுதியிலுள்ள பிளஃப் க்ரீக்கில் சாலை அமைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மாபெரும் காலடித் தடங்களைக் கண்டனர். 'பிக்ஃபுட்' என்ற பெயர் செய்தித்தாள் வழியே நாடெங்கும் பரவியது. அப்பணியின் ஒப்பந்தக்காரரான ரே வாலஸ் 2002இல் இறந்த பிறகு, அத்தடங்கள் அவர் மரத்தாலான பாதங்களைக் கொண்டு பதித்தவையே என்று குடும்பத்தார் வெளிப்படுத்தினர். அதற்கு இரண்டே ஆண்டுகளுக்குப் பின் அதே உருவம் கணினியால் வரையப்பட்ட காடொன்றில் குடியேறியது.

குடியேற்றத்திற்குத் தக்க காரணங்களும் இருந்தன. அந்தக் காட்டில் மானில்லை, நரியில்லை. நிலத்தில் நடமாடும் விலங்கு ஒன்றுகூட இல்லை. இத்தனை மரங்களும் மூடுபனியும் வெறுமனே நிற்க முடியுமா என்ற ஐயம் நடந்து திரிபவர் மனத்தில் இயல்பாகவே எழும். அன்றைய கருவியின் நினைவகம் சிறிது; தொலைவிலுள்ள மரங்களை அது முரட்டு வடிவங்களாக வரைந்து, நெருங்கிய பின்னரே நுணுக்கம் சேர்க்கும். பனிக்குள் ஆளுருவமாகத் தெரிந்த ஒன்று பத்தடி நடந்ததும் மரத்தூணாக மாறிவிடும். போதாக்குறைக்கு ஓட்டுநர் இல்லாத, அடிபட்டு நசுங்கிய கார்கள் காட்டுச் சரிவில் தாமாகவே உருண்டு வந்தன. இது வதந்தியன்று, எவரும் சென்று காணலாம். சரிவான இடத்தில் கார் தோன்றுமாறு அமைத்துவிட்டதே காரணம். எனினும், காரைப் பற்றிய பேச்சு மெய்யானபோது விலங்கைப் பற்றிய பேச்சும் வலுப்பெற்றது.

தேடியவர்கள் தமக்கென ஒரு முறையியலை வகுத்துக்கொண்டனர். கண்ட இடம், நேரம், வானிலை ஆகியவற்றைக் குறித்தனர். விளையாட்டுக்குள் கிடைக்கும் கேமராவால் படமெடுத்தனர். 2005 ஜூனில் கணினிப் பதிப்பு வந்தபோது கோப்புகளையே திறந்து பார்க்க முடிந்தது. விளையாட்டில் தோன்றும் ஒவ்வோர் உருவுக்கும் உள்ளே ஒரு மாதிரிவடிவம் இருந்தாக வேண்டும். பிக்ஃபுட்டுக்கு அப்படி எதுவுமில்லை. உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனத்தின் தரப்பும் மறுத்தது. மெய்யான காட்டில் ஒன்று இல்லை என்பதை முடிவாக நிறுவ எவராலும் இயலாது. தேடாத புதர் ஒன்று எப்போதும் எஞ்சியிருக்கும். இந்தக் காட்டிலோ எண்ணி முடிக்கத்தக்க கோப்புகளே உள்ளன. எனினும் தேடல் நிற்கவில்லை. கோப்புகளைத் திருத்திப் பிக்ஃபுட்டைத் தாமே உருவாக்கியவர்களும் இருந்தனர்; வாலஸின் மரப்பாதங்களுக்கு இணையான வேலை அது.

அறிவுக்கு ஒவ்வாத பிடிவாதம் என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் கோப்புகளைத் திறக்கத் தெரியாத ஒருவர், மறுப்பைக் கேட்டபின் சொல்லக்கூடிய வாக்கியம் எது? 'இல்லையாம்' என்பதுதான். வதந்தி எப்படிப் பிறர் வாய்வழி வந்ததோ, அப்படியே மறுப்பும் வந்தது. இலக்கண நோக்கில் இரண்டும் ஒரே தரத்தவை. நள்ளிரவில் காட்டுக்குள் மீண்டும் நடந்தவர்களில் பலர் விலங்கைக் காண்போம் என்று நம்பியிருக்க வேண்டியதில்லை. அந்த வாக்கியத்திலிருந்து 'ஆம்' என்பதை நீக்கி, 'இல்லை' என்று தம் பொறுப்பில் சொல்லவும் அவர்கள் நடந்திருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் பிறர் செய்து முடித்த சோதனையைத் திரும்பச் செய்யும் மாணவர் நாடுவதும் அதையே.

பின்னாளில் ராக்ஸ்டார் அந்த உருவத்தைத் தன் விளையாட்டுகளில் மெய்யாகவே வைத்தது. 2010இல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்: அன்டெட் நைட்மேர்' விளையாட்டில், குழந்தைகளைத் தின்னுமாம் என்று ஒருவர் சொல்லக் கேட்டு நாயகன் சாஸ்குவாட்சுகளை வேட்டையாடுகிறான். கடைசியாக எஞ்சியது மரத்தடியில் அமர்ந்து அழுகிறது. தாம் உண்பது காய்கனியும் காளானும்தான் என்கிறது. தன் இனம் முழுவதும் கொல்லப்பட்டதால் தன்னையும் கொன்றுவிடும்படி கேட்கிறது. பிறர் சொன்ன 'ஆம்' ஒன்றைச் சோதிக்காமல் நம்பியதன் விலை அங்கே தெரிகிறது. 2013இன் ஐந்தாம் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'வில், விளையாட்டை நூறு விழுக்காடு முடித்தவர்க்கே திறக்கும் வேட்டை ஒன்று உண்டு. அதன் முடிவில் அகப்படுபவன் பிக்ஃபுட் உடையணிந்த மனிதன்.

அதே விளையாட்டின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் இன்னொன்று மறைந்திருந்தது. கிழமையும் நேரமும் வானிலையும் பொருந்தும்போது மட்டும் தென்படும் பொன்னிறக் கள்ளியை உண்டால், விளையாடுபவரே சாஸ்குவாட்சாக மாறிவிடுவார். இதற்கான துப்பும் கோப்புகளைத் துருவியவர்களுக்கே கிடைத்தது. சான் ஆண்ட்ரியாஸில் விலங்கு இல்லை என்று காட்டிய அதே வழிமுறை, இங்கே இருக்கிறது என்று காட்டியது.

சான் ஆண்ட்ரியாஸ் காடு இன்றும் முன்போலவே இருக்கிறது. ஓட்டுநரற்ற கார்கள் சரிவில் உருள்கின்றன. பனிக்குள் ஆளுருவங்கள் தோன்றி மரங்களாகின்றன. அங்கே விலங்கு எதுவும் இல்லை. அந்தக் காட்டை மரம் மரமாக நடந்து பார்த்த சிலரால் மட்டும் இவ்வாக்கியத்தை 'ஆம்' சேர்க்காமல் சொல்ல முடிகிறது.