வானத்துக் கல்லும் அமானிதமும்



சென்ற மாதம் அஸர் தொழுகை முடிந்தபின் நம் மாணவர்களுள் ஒருவன், கைக்குட்டையில் பொதிந்திருந்த கருங்கல் ஒன்றை நம்முன் வைத்தான். "ஹஜ்ரத், இது விண்கல். காந்தம் ஒட்டுகிறது. இதை விற்றால் வாப்பாவின் கடன் தீர்ந்துவிடும்" என்றான். நைஜர் நாட்டுப் பாலைவனத்தில் கிடைத்த 24 கிலோ எடையுள்ள செவ்வாய்க் கிரகக் கல், 2025 ஜூலையில் நியூயார்க்கில் ஐம்பது இலட்சம் டாலருக்கும் அதிகமாக ஏலம் போன செய்தியை அவன் கைப்பேசியில் கண்டிருந்தான். அன்றிரவு நமக்கும் உறக்கம் வரவில்லை. ஒழுகும் மத்ரஸாக் கூரையை அக்கல்லின் விலையில் செப்பனிட்டுக் கணக்குப் போட்டோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

மறுநாள் முதல் அதைப் பற்றித் தேடிப் படித்தோம். விண்கற்கள் உலகெங்கும் விழுகின்றன. ஆயினும் வெளிறிய பாலை மண்ணில் கரிய கல் எளிதில் கண்ணில் படும். வறண்ட காற்றில் அது நெடுங்காலம் சிதையாமலும் இருக்கும். ஆகவே மொராக்கோவின் நாடோடிகளும் கிராமத்தாரும் ஸஹாராவில் நடந்து நடந்து அவற்றைத் தேடுகிறார்கள். 2011 ஜூலை 18 அன்று திஸிந்த் என்னும் ஊருக்கருகே வானில் நெருப்புப் பந்தொன்று தோன்றி மறைந்தது. சில மாதங்களுக்குப் பின் நாடோடிகள் அதன் துண்டுகளைக் கண்டெடுத்தனர். அவை செவ்வாயிலிருந்து வந்தவை என்று ஆய்வாளர் உறுதி செய்தனர். நம் நாட்டின் பீகாரில், ஷெர்காட்டியில், 1865இல் விழுந்த கல்லும் அவ்வகையே. இத்தகையவை மிக அரிது. கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை சாதாரண விண்கற்களே.

அடையாளங்களையும் அறிந்தோம். புதிதாய் விழுந்த விண்கல்லின்மேல் தீய்ந்த மெல்லிய கருந்தோல் இருக்கும். அளவுக்கு மிஞ்சிய கனம் இருக்கும். உள்ளே குமிழித் துளைகள் பெரும்பாலும் இரா. காந்தம் ஒட்டுவது மட்டும் சான்றாகாது. இரும்புக் கனிமத்திலும் அது ஒட்டும். வலிய காந்தம் கல்லில் பதிந்துள்ள பழங்காலக் காந்தச் சுவட்டை அழித்துவிடும் என்பதால், ஆய்வாளர் அதைத் தவிர்க்கச் சொல்கின்றனர். நம் மாணவனின் கல்லிலோ துளைகள் நிறைந்திருந்தன. அது உலையில் கழிந்த இரும்புக் கிட்டம்.

உண்மையைச் சொன்னதும் அவன் முகம் வாடியது. சற்று நேரம் கழித்து, "இணையத்தில் விண்கல் என்று போட்டால், வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும் ஹஜ்ரத்?" என்று மெல்லக் கேட்டான். நெஞ்சம் அதிர்ந்தது. கோபிக்க இயலவில்லை, முந்தைய இரவு நாமும் அதே கல்லைக் காசாகவே கண்டோம் அல்லவா?

அவனுக்குப் பேரரசர் ஜஹாங்கீரின் வரலாற்றைச் சொன்னோம். 1621இல் ஜலந்தர் அருகே விழுந்த விண்ணிரும்பைத் தோண்டி எடுத்து அவரிடம் சேர்த்தனர். கொல்லர் அடித்தபோது அது சம்மட்டிக்கு நிற்காமல் சிதறியது. மூன்று பங்கு விண்ணிரும்போடு ஒரு பங்கு சாதாரண இரும்பைக் கலந்தே வாள்களும் குறுவாளும் செய்தனர். அந்தக் கலப்பைப் பேரரசர் மறைக்கவில்லை. தம் நினைவுக் குறிப்பில் அளவுடன் எழுதி வைத்தார். அக்குறுவாள் இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. கலப்புள்ள பொருள், உண்மை சொல்லப்பட்டதால் மதிப்பிழக்கவில்லை.

பொருளின் குறையை மறைத்து விற்பதை நம் மார்க்கம் தடுத்துள்ளது. வாங்குபவர் முகம் தெரியாதவர் என்பதால் அமானிதம் குறைந்துவிடாது. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். அதை ஹலாலாகப் பெறுவது நம் பொறுப்பு.

மாணவன் கல்லை எடுத்துச் செல்லவில்லை. அது நம் அலமாரியில் இருக்கிறது. ஆனால் வாப்பாவின் கடன் அப்படியே இருக்கிறதே! உபதேசத்தோடு நின்றுவிட நம் மனம் ஒப்பவில்லை. பைத்துல்மால் பொறுப்பாளர்களிடம் அக்குடும்பத்தின் நிலையை எடுத்துரைத்தோம். உங்கள் மஹல்லாவிலும் இப்படியொரு பிள்ளை கல்லைப் பொதிந்து வைத்திருக்கலாம், விசாரித்துப் பாருங்கள்.

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்கையும் அதில் பரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.