30 மணித்தியாலங்கள்

உயர்தரத்தில் உயிரியல் பிரிவு என்றாலே, "டொக்டருக்கா படிக்கிறீங்க?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எனக்கு இயன் மருத்துவம் படிக்க விருப்பம் என்று சொன்னபோது உம்மாவின் முகம் மாறியது.

"கை கால் புடிச்சி விடுறத்துக்கா மகள் இவ்வளவு படிக்கிற?"

அதற்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. காயப்பட்ட விளையாட்டு வீரர்களுக்குச் சிகிச்சை அளிப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.

நம் நாட்டில் கொழும்பு, பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களில் இது 4 வருடப் பட்டப்படிப்பு. அனுமதியைத் தீர்மானிப்பது இஸட் புள்ளி. இந்த வேலையை ஒருநாளாவது நேரில் பார்த்தாயா என்று எவரும் கேட்பதில்லை. அமெரிக்காவிலோ, இயன் மருத்துவர் வேலை செய்வதை இத்தனை மணித்தியாலம் அருகிலிருந்து பார்த்ததற்கு அத்தாட்சி கேட்கும் கல்லூரிகள் பல உள்ளன. ஒரே இடத்தில் பார்த்தால் போதாது, வாட்டிலும் வெளிநோயாளர் பிரிவிலும் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு. நம்மிடம் யாரும் கேட்காவிட்டாலும் நாமாகவே பார்த்தால் என்ன என்று தோன்றியது. வாப்பா எங்கள் ஊர் வைத்தியசாலையின் அத்தியட்சகரிடம் அனுமதி பெற்றுத் தந்தார். விடுமுறையில் 10 நாட்கள், நாளுக்கு 3 மணித்தியாலம்.

முதலில் வெளிநோயாளர் பிரிவு. முழங்கால் முறிந்து சுகமான ஒரு மூதாட்டி, "நான் எப்ப மகள் சுஜூது செய்யிற?" என்று மட்டுமே கேட்டார். அங்கிருந்த இயன் மருத்துவர் ராத்தா அதையே இலக்காக வைத்து, கால் எத்தனை பாகை மடிகிறது என்று ஒவ்வொரு முறையும் அளந்து எழுதினார். பெண் நோயாளிகள் சிலர் அந்த ராத்தா வரும்வரை காத்திருந்ததையும் கண்டேன்.

அடுத்து சத்திரசிகிச்சை வாட்டு. வயிற்றில் தையலோடு இருப்பவர் வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் நெஞ்சில் சளி தேங்கி நியூமோனியா வரலாம். தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்து மூச்சை ஆழமாக இழுக்கவும் இருமவும் பழக்கினார்கள். இயன் மருத்துவத்துக்கும் மூச்சுக்கும் தொடர்பு உண்டென்று அன்றுதான் அறிந்தேன்.

கடைசியாகச் சிறுவர் பிரிவு. மூளைவாதம் உள்ள 3 வயதுப் பிள்ளையை ஒரு தாய் 2 பஸ் மாறித் தூக்கி வந்திருந்தார். பிள்ளைக்குத் தலை நிற்கவில்லை. ராத்தா பிள்ளையோடு செலவிட்டதைவிடத் தாயோடு செலவிட்ட நேரமே அதிகம். எப்படித் தூக்குவது, எப்படி இருத்துவது, எப்படி உணவூட்டுவது என்று பழக்கினார். "இவர் நடப்பாரா?" என்று தாய் கேட்டபோது ராத்தா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "முதல்ல இருக்கப் பழக்குவோம்" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முழுமையாகக் குணமாகாதவர்களோடும் வருடக்கணக்காக வேலை செய்ய என்னால் முடியுமா?

வெளிநோயாளர் பிரிவோடு நின்றிருந்தால் இந்தக் கேள்வி என்னிடம் வந்திருக்காது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தில் வந்திருந்தால் திரும்பிப்போக வழியும் இருந்திருக்காது. 17 வயதிலேயே வந்தது நல்லது. மறுநாளும் நான் சிறுவர் பிரிவுக்கே போனேன். அதுதான் என் பதில்.

எல்லாவற்றையும் உம்மாவிடம் சொன்னேன். அந்தத் தாயைப் பற்றிச் சொன்னபோது உம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நல்லாப் படிங்க மகள்" என்றார்.

தங்கைகளே, நீங்கள் விரும்புவது எந்தத் தொழிலாக இருந்தாலும் விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் முன் அதை நேரில் போய்ப் பாருங்கள். அதன் இலகுவான பக்கத்தோடு திரும்பிவிடாதீர்கள்.