விலைக்குக் கேட்டும் விற்காத மச்சு: தேவதானம் வீடு ஒன்றின் கதை

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில், சேத்தூரைத் தாண்டினால் தேவதானம். தென்பாண்டி நாட்டுப் பஞ்சபூதத் தலங்களில் ஆகாயத் தலமான நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் இங்கேதான் இருக்கிறது. மேற்கே மலை, சுற்றிலும் வயலும் தோப்பும். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் இன்னமும் மர மச்சு உண்டு. சுவருக்குச் சுவர் உத்திரம், அதன்மேல் தேக்குப் பலகை. கீழே இருப்பவர்களுக்கு அது கூரை, மேலே இருப்பவர்களுக்குத் தரை.

அப்படி ஒரு வீட்டில் எழுபதைத் தாண்டிய அம்மா தனியாக இருக்கிறார். மகள் ராஜபாளையத்தில், மகன் கோவையில். ஓட்டுக்கூரை ஒழுகி, ஒரு ஐப்பசி மழையில் மச்சு நனைந்தது. அதன்பிறகு அம்மாவின் கட்டிலில் தினமும் மரத்தூள் உதிர ஆரம்பித்தது.

சேதி எப்படியோ பழைய மர வியாபாரி காதுக்குப் போய்விட்டது. வந்து பார்த்தார், நல்ல விலை சொன்னார். மகனுக்கும் அது சரியென்றே பட்டது.

"பலகையைக் கொடுத்துட்டு கான்கிரீட் போட்டுடலாம்மா. ராத்திரி உன் மேல விழுந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"உங்கப்பா நெல்லு மூட்டை அடுக்கின பலகைடா. என் மேலயா விழும்?"

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அம்மாவுக்கு அது கணவரோடு வாழ்ந்த வீடு. மகனுக்கு அது, தூரத்தில் தனியாகத் தூங்கும் அம்மாவின் தலைக்கு மேலே இருக்கும் ஆபத்து. இரண்டு மாதம் போனில் இதே பேச்சுதான். கடைசியில் மகள்தான், "முதல்ல ஒரு ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டுவோம்" என்றார்.

வந்த ஆசாரி பலகையைப் பார்க்கவில்லை. நேராக உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் உளியால் குத்தினார். இரண்டு உத்திரங்களில் உளி சுலபமாக இறங்கியது. "பலகை கல்லு மாதிரி இருக்கும்மா. ஈரம் இறங்கி, இந்த ரெண்டு முனையைத்தான் செல் அரிச்சிருக்கு" என்றார்.

கான்கிரீட் பேச்சும் அங்கேயே அடங்கியது. ஐந்து அங்குலத் தளம் என்றால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ. ஓர் அங்குலத் தேக்குப் பலகையோ 16, 17 கிலோதான். உத்திரத்தைச் சேர்த்தாலும் கான்கிரீட்டுக்குப் பக்கத்தில் வராது. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய பழைய சுவர் அவ்வளவு பாரத்தைத் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்காமல் தளம் போடவே கூடாது.

முதலில் ஓடு மாற்றி ஒழுகலை நிறுத்தினார்கள். மச்சுக்குக் கீழே முட்டுக் கொடுத்து, உளுத்த முனைகளை வெட்டி, இருபுறமும் இரும்புத் தகடு வைத்துப் போல்ட் போட்டார்கள். சுவரில் செல் மருந்து அடித்து, முனையைச் சுற்றிக் காற்றுப் போக இடம் விட்டார்கள்.

அடுத்தது பலகையின் மேல் இருந்த பச்சைப் பெயின்ட். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் காய்ந்த பெயின்ட்டைச் சுரண்டாமல், நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு எடுத்தார்கள். அந்த நாட்களில் அம்மா மகள் வீட்டில் இருந்தார்.

பிறகு துருத்திய ஆணிகளைப் பலகைக்குள் இறக்கிவிட்டு, உப்புத்தாள். 40-ஆம் எண், பிறகு 80, கடைசியில் 120. எப்போதும் மரத்தின் ரேகை போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் எண்ணெய் பூசிய பிறகு பளிச்சென்று தெரியும்.

ஒரு மூலையில் இரும்புப் பெட்டி அழுத்திய நான்கு பள்ளங்கள் இருந்தன. அம்மாவின் கல்யாணப் பெட்டி. "இதை எடுக்கணும்னா கால் அங்குலம் இழைக்கணும். பலகை மெலிஞ்சிரும்" என்றார் ஆசாரி. "இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அம்மா.

கடைசியாக ஆளிவிதை எண்ணெய், இரண்டு பூச்சு. இங்கே ஓர் எச்சரிக்கை: இந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் ஊறவைக்க வேண்டும்.

வியாபாரி தருவதாகச் சொன்ன பணம் கைக்கு வரவில்லை. மேற்கொண்டு செலவும் ஆனது. மகனும் மகளும் பாதிப் பாதி போட்டார்கள். உங்கள் ஊர் வீட்டிலும் மச்சு இருந்தால், விலை பேசும் முன் உத்திரத்தின் முனையை ஒருமுறை குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

முட்டிவலியால் அம்மாவால் இப்போது மச்சுக்கு ஏற முடிவதில்லை. லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகள் மேலே ஓடும்போது கீழே கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். சத்தம் மட்டும்தான் வருகிறது. தூள் விழுவதில்லை.